ஷெல்லில் ஓடுகிறது, ஃபைலில் ஓடவில்லை

கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் பைத்தான் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

உங்களிடம் படித்துவிட்டு வேலை தேடி வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்கிறவர்களில் நானும் ஒருவன். அவர்கள் எழுதும் பைத்தானைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. லிஸ்ட், டிக்‌ஷனரி, லூப் எல்லாம் கைவசம் இருக்கின்றன. "இதையே ஒரு ஃபைலில் போட்டு டெர்மினலில் ஓட்டுங்கள்" என்று கேட்கும்போதுதான் பலருக்கு முதல் வரியிலேயே முட்டுகிறது. அந்த முதல் வரி பெரும்பாலும் ஆச்சரியக்குறியில் தொடங்கும்: !பிப் இன்ஸ்டால் இன்னது. கோலாபில் ஓடியது, ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஓடியது, இங்கே சின்டாக்ஸ் எரர். "நேத்து ஓடுச்சு சார்" என்கிறார்கள்.

பொய் சொல்லவில்லை. நேற்று ஓடியிருக்கும். நேற்று எழுதிய அந்த வரி பைத்தான் அல்ல என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு சௌகரியத்துக்காக ஆணைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் போகிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான். குறிகளை மட்டும் உள்ளபடியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் வம்பு முழுக்கக் குறிகளில்தான் இருக்கிறது.

நம் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானை இன்டராக்டிவ் முறை, ஸ்கிரிப்ட் முறை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. சரியான பிரிவுதான். ஆனால் வகுப்பில் அது 'ஒன்றில் உடனே விடை வரும், மற்றதில் ஃபைலைச் சேமித்து ஓட்டவேண்டும்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. இரண்டு இடத்திலும் பேசும் மொழியே கொஞ்சம் வேறு என்பது விட்டுப்போகிறது. ஷெல்லில் நடப்பது வீட்டுப் பேச்சு. "அதை எடு, இதை அங்க வை" என்றால் வீட்டில் இருப்பவருக்குப் புரியும், 'அது' எது என்று இருவருமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிரயப் பத்திரத்தில் அப்படி எழுத முடியாது.

பைத்தானோடு கூடவே வரும் வெறும் ஷெல்லிலிருந்து தொடங்குகிறேன். >>> எதிரே 7 * 6 என்று தட்டினால் 42. அடுத்த வரியில் _ + 8 என்று தட்டினால் 50. ஒற்றைக் கீழ்க்கோடு என்றால் கடைசியாக ஷெல் காட்டிய விடை. மேட்லாபில் இந்த வேலைக்கு 'ஆன்ஸ்' என்ற பெயர் உண்டு, ஹாஸ்கெல்லின் ஷெல்லில் 'இட்'. பைத்தான் ஒரு கோட்டோடு முடித்துக்கொண்டது.

'ஷெல் காட்டிய விடை' என்றேனே, அங்கே ஒரு நுணுக்கம். பிரிண்ட் போட்டுத் திரையில் வந்தது இந்தக் கணக்கில் சேராது. பிரிண்ட் என்ற செயற்கூறு திருப்பித் தருவது நன் எனும் வெறுமதிப்பு. அதை ஷெல் காட்டுவதும் இல்லை, கீழ்க்கோட்டில் வைப்பதும் இல்லை. மாறிக்கு மதிப்பு கொடுக்கும் வரிக்கும் அதே கதி. ஆகவே 42 வந்த பிறகு வரிசையாக எத்தனை பிரிண்ட் போட்டாலும் _ இன்னும் 42-தான். பிரிண்டுக்கும் ரிட்டர்னுக்கும் என்ன வேறுபாடு என்பது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லேசில் பிடிபடுவதில்லை என்று நீங்களே சொல்வீர்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும்போது தடுமாறுவதும் அங்கேதான். இந்த ஒரு கோட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

இதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு. லூப்பில் எண்ணிக்கை மாறி தேவையில்லை என்றால் அதற்கு _ என்று பெயர் வைப்பது பைத்தான் எழுதுகிறவர்களின் பழக்கம்: ஃபார் _ இன் ரேஞ்ச்(3). ஃபைலில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஷெல்லில் ஒருமுறை இப்படி ஓட்டிவிட்டு 7 * 6 தட்டிப் பாருங்கள். 42 வரும். உடனே _ தட்டுங்கள், 2 வரும். அதற்குப் பிறகு என்ன கணக்குப் போட்டாலும் _ அந்த 2-ஐ விடாது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. காரணம் எளிது. ஷெல் தன் விடையை வைப்பது பில்ட்-இன் பெயர்கள் இருக்கும் இடத்தில். லூப் உண்டாக்கியது அதே பெயரில் ஒரு குளோபல் மாறி. பெயரைத் தேடும்போது பைத்தான் குளோபலைப் பார்த்த பிறகுதான் பில்ட்-இன்னுக்குப் போகும். ஷெல் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக 42-ஐ உள்ளே வைத்துக்கொண்டுதான் இருக்கிறது, முன்னால் நிற்கும் 2 அதை மறைக்கிறது. டெல் _ என்று அந்த மாறியை அழித்தால் பழையபடி ஆகிவிடும். 12-ஆம் வகுப்பில் எல்ஈஜிபி விதி என்று மனப்பாடம் செய்கிறார்களே, அந்த விதி உயிரோடு நடமாடும் இடம் இது. கரும்பலகையில் நான்கு வட்டம் போடுவதைவிட இது நன்றாக ஒட்டும்.

நோட் ஜேஎஸ் ஷெல்லும் இதே கோட்டைத்தான் இதே வேலைக்கு வைத்திருக்கிறது. ஆனால் அங்கே நீங்கள் _ என்பதற்கு மதிப்பு கொடுத்தால், இனி கடைசி விடையை இதில் வைக்கப்போவதில்லை என்று ஒரு வரி சொல்லிவிடும். பைத்தான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு நோட் செய்வதுதான் பிடித்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு வசதியுள்ள நிரல்களில் இந்தக் கோடு இன்னொரு பக்கம் இடிக்கும். கெட்டெக்ஸ்ட் என்ற நூலகத்தில், மொழிபெயர்க்க வேண்டிய சொற்றொடரை _ என்ற செயற்கூறுக்குள் கொடுப்பது வழக்கம். அதையும் பில்ட்-இன் இடத்திலேயே நிறுவ வழி இருக்கிறது. நிறுவிவிட்டு ஷெல்லில் 7 * 6 தட்டினால் செயற்கூறு இருந்த இடத்தில் 42 வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த மொழிபெயர்ப்பு அழைப்பில் 'எண்ணைச் செயற்கூறாகக் கூப்பிட முடியாது' என்று எரர். ஜாங்கோவின் ஆவணமே இந்த மோதலைக் குறிப்பிட்டு, பொதுவில் _ நிறுவுவதைத் தவிர்த்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறது.

இனி ஐபைத்தான். ஜூப்பிட்டரிலும் கோலாபிலும் உங்கள் மாணவர்கள் தட்டுவதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்வது இதுதான். ஃபெர்னாண்டோ பெரெஸ் என்ற கொலம்பியர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2001-இல், ஆய்வு வேலைக்கு நடுவே எழுதியது. முதல் வடிவம் 259 வரிகள். மேத்தமேட்டிகாவில் இருப்பதுபோல ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் விடைக்கும் எண் வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆகவே இங்கே கடைசி விடை _, அதற்கு முந்தையது __, அதற்கும் முந்தையது ___. ஐந்தாம் விடை வேண்டுமென்றால் _5. இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. பைத்தான் 3.6 வந்த 2016 முதல் பெரிய எண்களின் நடுவே கீழ்க்கோடு போடலாம். அதனால் 1_000 என்றால் ஆயிரம். _1000 என்றால் ஆயிரமாவது விடை.

ஒரு தனியாளின் ஆய்வுக் கருவி என்று பார்த்தால் இந்தச் சுருக்கெழுத்துகளில் ஒன்றும் தப்பில்லை. யாருக்காக எழுதினாரோ அந்த ஆள் பக்கத்திலேயே இருந்தார், அவரேதான். அதே கருவி நோட்புக்காக வளர்ந்து, 2014-இல் ஜூப்பிட்டர் என்ற பெயரில் பல மொழிகளுக்கும் பொதுவாகி, 2017-க்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருதும் பெற்று, இன்று நம் ஊர் லேப் வரை வந்துவிட்டது. பைத்தானைத் தெரிந்தவருக்காகச் செய்த குறுக்குவழியில்தான் இப்போது பைத்தானைத் தெரியாதவர் முதலடி வைக்கிறார்.

ஆச்சரியக்குறிக்கு வருகிறேன். வரியின் தொடக்கத்தில் ! போட்டால் மீதி வரி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஷெல்லுக்குப் போகிறது. !எல்எஸ் என்றால் ஃபைல் பட்டியல். வரும் பட்டியலை ஒரு மாறியிலும் பிடிக்கலாம்: ஃபைல்ஸ் = !எல்எஸ். அருமையான வசதி, மறுக்கவில்லை. ஆனால் !சிடி போட்டு வேறு ஃபோல்டருக்குப் போய்விட்டு !எல்எஸ் போட்டால் பழைய ஃபோல்டரே வருகிறது. ஒவ்வொரு ஆச்சரியக்குறிக்கும் ஒரு புதுப் பிராசஸ் பிறந்து, வேலை முடிந்ததும் சாகிறது. அது இடம் மாறியதால் நாம் இடம் மாறியதாகாது. %சிடி போட்டால்தான் ஐபைத்தானே இடம் மாறும். ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் சைல்ட் பிராசஸ் நடத்துகிற ஆசிரியருக்கு இதைவிட மலிவான செய்முறை கிடைக்காது.

'இன்ஸ்டால் ஆயிடுச்சு சார், ஆனா இம்போர்ட் ஆகல' என்ற லேப் புலம்பலுக்கும் பல நேரம் வேர் இங்கேதான். !பிப் என்றால் கணினியின் பாதையில் எந்த பிப் முதலில் அகப்படுகிறதோ அது ஓடும். அது இன்னொரு பைத்தானுடையதாக இருக்கலாம். %பிப் என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானுக்கே நிறுவும். ஒரு குறிதான் வித்தியாசம், அரை நாள் லேப் அதில் போய்விடும்.

டாலர் குறி இன்னும் குறும்புக்காரக் குறி. ஆச்சரியக்குறி வரிக்குள் $ போட்டு ஒரு பெயர் எழுதினால், அந்தப் பெயரில் பைத்தான் மாறி இருக்கிறதா என்று ஐபைத்தான் முதலில் பார்க்கும். இல்லையென்றால்தான் சிஸ்டம் ஷெல்லுக்கு விடும். லினக்ஸில் ஷெல் லூப் ஒன்றை இப்படி ஒரே வரியில் எழுதி, 1, 2, 3 என்று அச்சிடச் சொல்லி, சுற்று மாறிக்கு ஐ என்று பெயர் வைத்தால் ஒழுங்காக 1, 2, 3 வரும். கொஞ்ச நேரம் முன்னால் பைத்தானில் ஓட்டிய லூப்பின் ஐ என்ற மாறி 9-இல் நின்றிருந்தால் என்ன வரும்? 9, 9, 9. சிஸ்டம் ஷெல் அந்த வரியைப் பார்ப்பதற்கு முன்பே $ஐ இருந்த இடத்தில் 9 ஏறிவிட்டது. ஷெல்லின் மாறியே வேண்டும் என்றால் $$ என்று இரட்டிக்க வேண்டும். நெளி அடைப்புக்குறிக்கும் இதே பாடு.

சதவிகிதக் குறியில் தொடங்குபவை மேஜிக் ஆணைகள். ஒரு வரிக்கு %, முழு செல்லுக்கு %%. இதில் ஆட்டோமேஜிக் என்று ஒரு சலுகை உண்டு, தொடக்கத்திலிருந்தே இயங்கும் நிலையில் வரும்: % போடாமலே டைம் என்று எழுதி ஒரு அழைப்பை எழுதினால் அது எடுத்த நேரத்தைக் காட்டும். பிறகு ஒருநாள் மாணவர் இம்போர்ட் டைம் என்று அந்த மாட்யூலை அழைத்திருப்பார். அதே வரி இப்போது சின்டாக்ஸ் எரர். டைம் என்ற பெயருக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார், சலுகை தானாக விலகிக்கொண்டது. %டைம் என்று முழுதாக எழுதியிருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், லேப் கணினிகளில் ஆட்டோமேஜிக்கை அணைத்து வையுங்கள். ஒரு குறியை மிச்சப்படுத்தி யாரும் கோட்டை கட்டப்போவதில்லை.

அரைப்புள்ளியைப் பற்றி ஒரு புதிரே போடலாம். ஐபைத்தானில் வரியின் கடைசியில் ; போட்டால் விடை திரையில் வராது. மேட்லாப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கைவந்தது. வரியின் முதலில் ; போட்டாலோ வேறு கதை: முதல் சொல் செயற்கூறு ஆகும், மீதி வரி முழுவதும் மேற்கோளுக்குள் போய் ஒரே சரமாக அதற்குள் போகும். முதலில் , போட்டால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனிச் சரம். முதலில் / போட்டால் மேற்கோள் கிடையாது, அடைப்புக்குறி மட்டும் தானாக வரும். இந்த மூன்றையும் நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன், இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கடைசி அரைப்புள்ளிக்கு வெளியே தெரியாத ஒரு வேலையும் இருக்கிறது. ஐபைத்தான் காட்டும் விடைகளை எண் போட்டு நினைவில் வைத்துக்கொள்கிறது, வழக்கமான அமைப்பில் 1000 விடைகள் வரை. பெரிய டேட்டாஃப்ரேம் ஒன்றின் பெயரை மட்டும் தட்டி எட்டிப் பார்த்தாலே அது அந்தக் கணக்கில் ஏறிவிடும். பிறகு டெல் போட்டு மாறியை அழித்தாலும் மெமரி குறையாது. விடைப் பட்டியல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரைப்புள்ளியோடு முடித்தால் திரைக்கும் வராது, பட்டியலுக்கும் போகாது. டெல் என்பது பொருளை அழிப்பதல்ல, பெயரை அழிப்பது என்று வகுப்பில் சொல்கிறீர்களே, அதற்குச் சாட்சி இது. வெறும் பைத்தான் ஷெல்லிலோ 7 * 6; என்று தட்டினால் 42 வந்தே தீரும். அங்கே அரைப்புள்ளி வெறும் வரிப்பிரிப்பான்.

கேள்விக்குறியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெயருக்குப் பின்னால் ? போட்டால் விளக்கம், ?? போட்டால் கிடைக்குமிடத்தில் மூலநிரல். இதை முதல் வகுப்பிலேயே கற்றுக்கொடுங்கள்.

குறியே இல்லாமல் எல்லை தாண்டுபவையும் உண்டு. ஐபைத்தான் 7.0 வந்த 2018 முதல் நோட்புக்கில் எந்தச் செயற்கூறுக்குள்ளும் இல்லாமலே அவெய்ட் போடலாம். ஃபைலில் அசிங்க் செயற்கூறுக்கு வெளியே போட்டால் சின்டாக்ஸ் எரர். வெறும் ஷெல்லிலிருந்து வெளியேறும் சங்கதியும் அப்படித்தான். நெடுநாளாக, அடைப்புக்குறி இல்லாமல் எக்ஸிட் என்று தட்டினால் 'அடைப்புக்குறியோடு போடு' என்று பைத்தான் திருத்தும். எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டே செய்யமாட்டேன் என்கிறதே என்று எரிச்சல்படாதவர் இல்லை. ஆனால் அதில் நியாயம் இருந்தது. எக்ஸிட் என்பது ஒரு பொருளின் பெயர். பெயரைத் தட்டினால் அந்தப் பொருளின் எழுத்துவடிவம் திரையில் வரும். அந்த எழுத்துவடிவமே இந்த அறிவுரை. எழுத்துவடிவம் கேட்டாலே வெளியேறும்படி வைத்திருந்தால், பெயர்களையெல்லாம் பட்டியலிட்டுப் பார்க்கிறவரின் ஷெல்லும் மூடிக்கொள்ளும். 2024 அக்டோபரில் வந்த 3.13, பைபை திட்டத்தின் ஷெல்லை அடிப்படையாகக் கொண்ட புதிய ஷெல்லில் வேறு வழி கண்டது. தட்டிய வரி முழுக்க எக்ஸிட் மட்டும்தானா, அந்தப் பெயரில் பயனர் மாறி எதுவும் வைத்திருக்கவில்லையா என்று பார்த்துவிட்டு வெளியேறுகிறது. நல்ல தீர்வு. ஆனால் அந்த ஒரு வரி இப்போது பைத்தான் அல்ல, ஷெல்லுக்கு இட்ட ஆணை.

ஜூலியா மொழியின் ஷெல்லிலும் ? உண்டு, ; உண்டு, பேக்கேஜ் நிறுவ ] உண்டு. ஆனால் வெறும் வரியில் அந்தக் குறியைத் தட்டிய கணமே பிராம்ப்ட்டின் பெயரும் நிறமும் மாறிவிடும்: இது உதவி, இது சிஸ்டம் ஷெல், இது பேக்கேஜ். எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதில் சந்தேகமே எழாது. ஐபைத்தானில் எல்லாம் ஒரே பிராம்ப்ட்டின் கீழ்தான். கருவி சொல்லாததை ஆசிரியர்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அதற்கான ஆணையும் ஐபைத்தானிலேயே இருக்கிறது: %ஹிஸ்டரி -டி. மாணவர் தட்டிய வரிகளை அல்ல, ஐபைத்தான் அவற்றை என்னவாக மாற்றி பைத்தானிடம் கொடுத்தது என்பதை இது காட்டும். !எல்எஸ் என்று தட்டிய இடத்தில் கெட்_ஐபைத்தான் என்ற செயற்கூறும், அது தந்த பொருளின் சிஸ்டம் என்ற மெத்தடும், மேற்கோளுக்குள் எல்எஸ் என்ற சரமும் நிற்கும். % ஆணைகளும் அப்படியே நீண்ட உருவில் வரும். மாயம் எல்லாம் ஒரு சரத்தை இன்னொரு சரமாக மாற்றும் வேலைதான் என்று பிள்ளைகள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பயமும் போகும், மயக்கமும் போகும். ரெக்கார்டு நோட்டில் நோட்புக்கின் படத்தை ஒட்டச் சொல்கிற இடத்தில், இந்தப் பட்டியலையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

சுருக்கெழுத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. மதிப்பெண் குறைக்கவும் வேண்டாம். அடுத்த செமஸ்டர் லேப் தேர்வில் ஒரு கேள்வி மட்டும் மாற்றிக் கேளுங்கள். மாதிரிக்கு: ஐபைத்தானில் தட்டிய இந்த ஐந்து வரிகளையும் அப்படியே ஒரு ஃபைலில் போட்டு, வெறும் பைத்தானில் ஓட்டினால் என்ன ஆகும்?

7 * 6
_ + 8
1_000 + 1
!எல்எஸ்
7 * 6;

நான்காம் வரிக்கு வந்ததும் நிற்கும் என்றுதான் பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். நிற்காது, தொடங்கவே தொடங்காது: சின்டாக்ஸ் எரர் முழு ஃபைலையும் படிக்கும்போதே பிடிபடும், முதல் வரிகூட ஓடியிருக்காது. நான்காம் வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் முதல் வரி சத்தமில்லாமல் ஓடும், 42 எங்கும் வராது. இரண்டாம் வரியில் _ என்று ஒரு பெயரே தெரியாது என்று நேம் எரர் வந்து நிற்கும். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் மூன்று வரியும் எந்த எரரும் இல்லாமல் ஓடி முடியும், திரையில் ஒரு எழுத்தும் வராது. அது ஏன் என்பதற்கு இரண்டு மதிப்பெண் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்காகக் காத்திருக்கும் ஒரு நிரலாளர்